சட்டியில் லார்ச் மரம்

சிக்கிமில் லாச்சுங் பள்ளத்தாக்கு இருக்கிறது. இமயமலைக் குளிர்ப் பகுதி அது. அங்கே லார்ச் மரங்கள் ஓங்கி வளரும். இதே மரத்தைச் சிறு சட்டியில் 2 அடி உயரத்தில் வளர்க்கலாம். கிளையையும் வேரையும் அளவாக வெட்டி வர வேண்டும். இதற்குப் போன்சாய் என்று பெயர். ஜப்பானில் பேர்பெற்ற கலை.

லார்ச் ஊசியிலை மரம். குளிர்காலத்துக்கு முன் இலைகள் மஞ்சளாகும். எல்லாம் உதிர்ந்துவிடும். பட்டுப்போனது என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள்! மரம் உறங்குகிறது. பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டினால் உள்ளே பச்சை தெரியும். குளிர் போனதும் துளிர்க்கும்.

இந்த உறக்கத்துக்குச் சில மாதக் குளிர் வேண்டும். அதனால் சட்டி வெளியிலேயே இருக்கட்டும். கடும் பனியில் வேர் உறையும் இடங்களில் சட்டியை மண்ணில் புதைப்பார்கள்.

கொல்கத்தாவுக்குக் கொண்டுபோனால்? அங்கே அந்தக் குளிர் இல்லை. மரம் மெலிந்து சாகும். அங்குள்ளவர்கள் ஆலங்கன்றைச் சட்டியில் வளர்க்கலாம்.