சொகுசு ரயிலா, ஸ்லீப்பரா? டிக்கெட் போடும் முன் திருவண்ணாமலைக் குடும்பங்கள் பார்க்க வேண்டிய கணக்கு

பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் திருவண்ணாமலை ரயில் நிலைய நடைமேடையைப் பார்த்தால், ஊரே கால் வலியோடு உட்கார்ந்திருப்பதுபோலத் தெரியும். 14 கிலோமீட்டர் கிரிவலம் முடித்தவர்கள் பையைத் தலைக்கு வைத்துத் தூணோரம் சாய்ந்திருப்பார்கள். தூக்கம் வராதவர்கள் கையில் செல்போன். அதில் ஓடும் ரீல்ஸில் கண்ணாடிக் கூரை போட்ட ரயில், வெள்ளை விரிப்பு போட்ட கட்டில், தட்டில் வெள்ளிக் கரண்டி. பின்னணியில் ஒரு மெல்லிய வீணை.

பார்த்ததும் ஆசை வரும். ஆசை வந்ததும் வீட்டில் விவாதம் வரும்.

இப்படி ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் முடிந்துவிட்டது. பிள்ளைகள் சேர்ந்து அப்பா அம்மாவை ஒரு ரயில் பயணம் அனுப்ப நினைக்கிறார்கள். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன், "வாழ்க்கையில ஒரு தடவைதான், சொகுசு ரயில்லயே போகட்டும்" என்கிறான். உள்ளூரில் இருக்கும் மகள், "அந்தக் காசுல காசி, ராமேஸ்வரம் ரெண்டும் போயிட்டு வந்துடலாமே அண்ணா" என்கிறாள். அம்மா சமையலறையிலிருந்து ஒரே ஒரு கேள்வி கேட்கிறார். "கீழ் பெர்த் கிடைக்குமா?"

மூன்று பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் முடிவெடுக்கும் முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது. ஏனென்றால் இது சேமிப்பில் கைவைக்கிற விஷயம்.

நான்கு லட்சத்துக்கு என்ன கிடைக்கும்?

தென்னிந்தியாவின் சொகுசு ரயில் என்றால் அது 'கோல்டன் சாரியட்' தான். 2008-ல் கர்நாடகச் சுற்றுலாத் துறையின் முயற்சியில் ஓடத் தொடங்கியது. ஹம்பியில் இருக்கும் கல் ரதத்தை வைத்துத்தான் இந்தப் பெயர். இப்போது ஐ.ஆர்.சி.டி.சி நடத்துகிறது. 40 அறைகள், 80 பயணிகள். 'ருசி', 'நளபாகா' என்று இரண்டு உணவகங்கள், 'மதிரா' என்றொரு மதுக்கூடம், 'ஆரோக்யா' என்று ஸ்பா, உடற்பயிற்சிக்கூடம் எல்லாம் ரயிலுக்குள்ளேயே உண்டு. பெங்களூரில் புறப்பட்டு மைசூரு, மாமல்லபுரம், தஞ்சாவூர், செட்டிநாடு, கொச்சி என்று சுற்றும் ஒரு பயணத் திட்டமும் இருக்கிறது. திருவண்ணாமலை அந்தப் பட்டியலில் இல்லை.

2024 டிசம்பரில் மறுபடி ஓடத் தொடங்கியபோது, ஐந்து இரவுப் பயணத்துக்கு அறிவிக்கப்பட்ட கட்டணம் ஒருவருக்கு 4,00,530 ரூபாய். 5 சதவிகித ஜி.எஸ்.டி தனி. தம்பதியாகப் போனால் வரியோடு எட்டு லட்சத்து நாற்பதாயிரத்தைத் தாண்டும். ஓர் இரவுக்கு ஒருவருக்கு சுமார் 80,000 ரூபாய்.

அறை, சாப்பாடு, சுற்றிக் காட்டும் பஸ், வழிகாட்டி, நுழைவுக் கட்டணம் எல்லாம் இதில் அடக்கம் என்பதால் வெறும் ரயில் டிக்கெட்டோடு இதை ஒப்பிடக் கூடாது. ஐந்து நட்சத்திர ஓட்டலோடுதான் ஒப்பிட வேண்டும். அந்தக் கணக்கில் பார்த்தாலும் இது நடுத்தரக் குடும்பத்துக்கான ரயில் அல்ல. வெளிநாட்டுப் பயணிகளை மனதில் வைத்துத் தொடங்கப்பட்டது அது.

ரீல்ஸ் சொல்லாத ஒரு விஷயம் உண்டு. இந்த வகை சொகுசு ரயில்கள் பெரும்பாலும் ஓடுவது இரவில். பகலில் ரயிலை நிறுத்திவிட்டு பயணிகளை பஸ்ஸில் ஊர் சுற்ற அழைத்துப்போவார்கள். நீங்கள் தூங்கும்போது ரயில் அடுத்த ஊருக்குப் போய்ச் சேரும். அதாவது, அது சக்கரம் வைத்த ஓட்டல். ஜன்னலோரம் உட்கார்ந்து மலையும் அருவியும் பார்த்துக்கொண்டே போகலாம் என்று நினைத்து எட்டு லட்சம் கட்டியவருக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். காட்சி ரயில் வேறு, சொகுசு ரயில் வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதில்தான் பலருடைய பணம் போகிறது.

காட்சிக்கு என்றே ஒரு ரயில், நம் மாநிலத்திலேயே

காட்சிதான் வேண்டும் என்றால் உலகமே தேடி வரும் ரயில் ஒன்று மேட்டுப்பாளையத்தில் இருக்கிறது. நீலகிரி மலை ரயில். 1899-ல் குன்னூர் வரையிலும், 1908-ல் ஊட்டி வரையிலும் ஓடத் தொடங்கியது. மொத்தம் 46 கிலோமீட்டர். 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள். கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டரில் புறப்பட்டு 2,203 மீட்டருக்கு ஏறுகிறது. தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை ஒன்று பதித்திருப்பார்கள். இன்ஜினில் இருக்கும் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். 2005-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பர்யச் சின்னமாக அறிவித்தது. 'உயிரே' படத்தில் ஷாருக் கான் ரயில் கூரையில் ஆடிய 'தையா தையா' பாட்டு எடுத்தது இந்தப் பாதையில்தான் என்றால் வீட்டில் எல்லோருக்கும் சட்டென்று புரியும்.

திருவண்ணாமலைக்காரர்கள் இதற்குப் போவது எப்படி? இங்கேதான் ஸ்லீப்பர் வருகிறது. சென்னை சென்ட்ரலில் இரவு ஒன்பது மணி வாக்கில் கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸ், 11 மணிக்குச் சற்று முன் காட்பாடிக்கு வரும். இங்கிருந்து பஸ்ஸில் வேலூர் வழியாகக் காட்பாடி போய், அந்த ரயிலில் ஏறிப் படுத்தால் காலை ஆறேகால், ஆறரைக்கு மேட்டுப்பாளையம். மலை ரயில் 7.10-க்குப் புறப்படும். நடுவில் பல் தேய்த்து ஒரு காபி குடிக்க நேரம் இருக்கிறது, அவ்வளவுதான். பகல் 12 மணி வாக்கில் ஊட்டி.

ஏறும்போது குன்னூர் வரை இடது பக்க ஜன்னல் நல்லது என்று போய்வந்தவர்கள் சொல்வார்கள். நாற்பத்தாறு கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். அவசரக்காரர்கள் பஸ்ஸில் போய்விடலாம். இறங்கும்போது மூன்றரை மணி நேரம்தான்.

சிக்கல் டிக்கெட்டில். பெட்டிகள் குறைவு, இருக்கைகள் குறைவு. சீசனில் முன்பதிவு திறந்த உடனே தீர்ந்துவிடும். மழைக்காலத்தில் மண் சரிந்தால் ரயில் ரத்து. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை திட்டமிடுகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கண்ணாடிக் கூரைதான் வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால் பெங்களூரு யஷ்வந்த்பூரிலிருந்து மங்களூருக்குப் பகலில் ஓடும் ரயிலைப் பார்க்கலாம். அதில் 2021-ல் விஸ்டாடோம் பெட்டிகள் இணைக்கப்பட்டன. 44 இருக்கைகள், திருப்பிக்கொள்ளக்கூடிய நாற்காலி, தலைக்கு மேல் கண்ணாடி. சக்லேஷ்பூர் தாண்டி சுப்ரமண்யா ரோடு வரையிலான சுமார் 55 கிலோமீட்டர் மலைப்பாதையில் 57 குகைகள். கட்டணம் ஆயிரங்களில்தான் இருக்கும், லட்சங்களில் அல்ல.

அதே ரயில், அதே டிக்கெட்... நேரம்தான் வேறு

ஸ்லீப்பர் டிக்கெட்டிலேயே காட்சியும் கிடைக்கும். எந்த இடத்தை எந்த நேரத்தில் ரயில் கடக்கிறது என்று பார்க்கத் தெரிந்தால் போதும்.

திருவண்ணாமலை வழியாகவே போகும் திருப்பதி - ராமேஸ்வரம் ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் சில நாள்கள்தான் உண்டு. போகும்போது பாம்பன் வரும் நேரம் விடிந்திருக்காது. கடல் இருக்கிறது என்று காற்றை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் திரும்பி வரும்போது ராமேஸ்வரத்தில் மாலையில் கிளம்புகிறது. அடுத்த சிறிது நேரத்தில், வெளிச்சம் இருக்கும்போதே, இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள புதிய பாம்பன் பாலத்தில் மெதுவாக ஊர்ந்து வரும். 1914-ல் கட்டிய பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றுபோனது. செங்குத்தாக மேலே எழும் தூக்குப் பகுதியோடு கட்டிய புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ம் தேதி திறக்கப்பட்டது. இருபுறமும் கடல். இதற்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய்.

சென்னை - கொல்லம் எக்ஸ்பிரஸும் அப்படித்தான். விழுப்புரத்தில் மாலை நேரத்தில் ஏறினால் செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு மலையைத் தூக்கத்திலேயே கடந்துவிடுவீர்கள். திரும்பும்போது கொல்லத்தில் நண்பகல் வாக்கில் கிளம்பும். புனலூர் தாண்டியதும் மேற்குத்தொடர்ச்சி மலை, கழுதுருட்டியில் 13 கண் பாலம், குகைகள் எல்லாம் பகல் வெளிச்சத்தில். 2018-ல் அகலப்பாதையாக மாற்றிய பிறகுதான் இந்த வழியில் மறுபடி ரயில் ஓடுகிறது. விழுப்புரத்தில் இறங்கும்போது நள்ளிரவு ஆகிவிடும் என்பது ஒரு தொல்லை. இறங்கியதும் ஊருக்கு வர வண்டி ஏற்பாடு செய்துவைத்தால் நல்லது.

கால அட்டவணை அவ்வப்போது மாறும். டிக்கெட் போடும் அன்று நேரத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அம்மாவின் கேள்விக்கு வருவோம்

கீழ் பெர்த். ஸ்லீப்பர் பயணத்தின் முழு சுகமும் துக்கமும் இதில்தான் இருக்கிறது. 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் கீழ் பெர்த் ஒதுக்கீடு உண்டு. தனியாகவோ, தகுதியுள்ள இருவராகவோ பதிவு செய்தால்தான் அது சரியாக வேலை செய்யும். ஆறு பேர் கொண்ட குடும்பமாக ஒரே டிக்கெட்டில் போட்டுவிட்டு, பாட்டிக்கு மேல் பெர்த் வந்துவிட்டது என்று டி.டி.இ பின்னால் அலைவதைப் பார்க்கலாம். பெரியவர்களுக்குத் தனி டிக்கெட் போட்டுவிடுவது புத்திசாலித்தனம். மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. அது திரும்ப வரும் என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

முன்பு 120 நாள்களுக்கு முன் பதிவு செய்யலாம். 2024 நவம்பர் 1 முதல் அது 60 நாளாகிவிட்டது. தீபாவளி, பொங்கல், கோடை விடுமுறை என்றால் அந்த அறுபதாவது நாள் காலை எட்டு மணிக்குக் கையில் போனோடு உட்கார வேண்டியதுதான். தட்கல் நம்பிக்கையில் இருப்பவர்கள், 2025 ஜூலையிலிருந்து ஆன்லைன் தட்கலுக்கு ஆதார் சரிபார்ப்பு கட்டாயம் என்பதை மறக்கக் கூடாது. வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டோடு ஸ்லீப்பர் பெட்டியில் ஏறவும் முடியாது.

நடு பெர்த்தை இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரைதான் விரித்துவைக்கலாம் என்பது விதி. முதுகு வலி உள்ள அப்பாக்கள் ஒன்பதரைக்கே படுக்க நினைப்பார்கள். எதிர் சீட் இளைஞர்கள் பதினொன்று வரை சீட்டு விளையாட நினைப்பார்கள். இதில் இணக்கமாகப் போவதைத் தவிர வழியில்லை. இரவு உணவுக்குப் புளிச்சோறும் இட்லிப் பொடி தடவிய இட்லியும் கட்டிக்கொண்டு போகும் நம் வீட்டு வழக்கத்துக்கு ஸ்லீப்பர் பெட்டியைவிட நல்ல இடம் கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும்.

இருந்தாலும், 65 வயதுக்கு மேல், மூட்டு வலியும் சர்க்கரையும் இருப்பவர்களுக்கு ஒன்றரை நாள் ஸ்லீப்பர் பயணம் லேசானது அல்ல. கோடையில் அனல் காற்று, வடக்கே குளிர்காலத்தில் ஜன்னல் இடுக்கு வழியாக வரும் பனி. காசி போக, 2023 டிசம்பரில் தொடங்கிய கன்னியாகுமரி - பனாரஸ் காசி தமிழ் சங்கமம் எக்ஸ்பிரஸ் வாரம் ஒருமுறை இருக்கிறது. விழுப்புரத்தில் ஏறினால் சுமார் ஒன்றரை நாள். இந்த அளவு தூரத்துக்கு மூன்றடுக்கு ஏ.சி-க்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீண் அல்ல. போர்வை, தலையணை தருவார்கள், தூசு குறைவு, பெட்டிக்குள் கூட்டம் குறைவு.

எல்லாவற்றையும் யாராவது பார்த்துக்கொண்டால் தேவலை என்பவர்களுக்கு நடுவழி ஒன்று உண்டு. பாரத் கௌரவ் சுற்றுலா ரயில்கள். இந்தத் திட்டத்தில் தனியார் நடத்திய முதல் ரயிலே 2022 ஜூனில் கோவையிலிருந்து ஷீரடிக்குத்தான் ஓடியது. ஸ்லீப்பர், ஏ.சி இரண்டு வகையிலும் இடம் உண்டு. சாப்பாடு, தங்குமிடம், உள்ளூர் பஸ் சேர்த்து ஒரே கட்டணம். பணம் கட்டும் முன், ரயில் ரத்தானால் எவ்வளவு திரும்ப வரும், அறையில் எத்தனை பேர் என்ற இரண்டையும் எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊர் ரயிலே இன்னும் முழுசாக வரவில்லை

சொகுசு ரயில் பற்றிப் பேசும்போது, திருவண்ணாமலைக்காரர்களுக்கு வாயில் ஒரு கசப்பு தட்டுவதில் வியப்பில்லை. சென்னை கடற்கரை - வேலூர் கன்டோன்மென்ட் ரயில் திருவண்ணாமலை வரை நீட்டிக்கப்பட்டது 2024 மே 2-ம் தேதிதான். அப்போது கட்டணம் 50 ரூபாய். மாலை ஆறு மணிக்குச் சென்னையில் கிளம்பி நள்ளிரவு 12 மணியைத் தாண்டி வந்துசேரும். விடிகாலை நான்கு மணிக்குத் திரும்பிப் போகும் என்று நேரம் அறிவித்தார்கள். திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு வர வேண்டிய சுமார் 70 கிலோமீட்டர் புதிய பாதைக்கு 2006-07-ல் அனுமதி கிடைத்தது. அன்று பிறந்த குழந்தை இன்று கல்லூரிக்குப் போகிறது. பாதைதான் இன்னும் முடியவில்லை.

அந்த வீட்டுக்குத் திரும்பினால், கணக்கு இப்படிப் போகலாம். ராமேஸ்வரத்துக்கு இங்கேயே ஏறி, இரண்டு கீழ் பெர்த். அங்கே இரண்டு நாள் நல்ல அறை, தரிசனம், தனுஷ்கோடிக்கு ஒரு வண்டி. திரும்பும் மாலையில் பாம்பன். அது பிடித்திருந்தால், கோடை கூட்டம் ஓய்ந்ததும் காட்பாடி வழியாக மேட்டுப்பாளையம், மலை ரயிலில் ஊட்டி. இரண்டையும் சேர்த்தாலும் கோல்டன் சாரியட்டில் ஒருவருக்கு ஓர் இரவுக்கு ஆகும் தொகையைத் தொடாமல் முடித்துவிடலாம்.

அப்பாவிடம் ஒன்று மட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். ஊட்டிக்கு ஸ்வெட்டர் இருக்கிறதா என்று.