ஆறரை வருஷம் கழிச்சு 'சில்க்சாங்': ரொம்ப காத்திருந்தவங்களுக்குத்தான் கை உதறுது

ரெண்டு வாரமா எபிசோட் வரலையேன்னு நிறைய பேர் மெசேஜ் போட்டிருந்தீங்க. காரணம் ரொம்ப சிம்பிள். 'ஹாலோ நைட்: சில்க்சாங்' வந்துருச்சு. ஆபீஸ் முடிஞ்சு கிடைச்ச நேரம் மொத்தமும் அதுக்குள்ளதான் போச்சு. இப்போ முப்பது மணி நேரம் தாண்டியாச்சு, அதனால தைரியமா பேசலாம். கதை எதையும் உடைக்கப் போறதில்ல, பயப்படாம கேளுங்க.

கேம் பக்கமே போகாதவங்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. ஆஸ்திரேலியாவுல அடிலெய்ட்னு ஒரு ஊர். அங்க ஆரி கிப்சன், வில்லியம் பெல்லன்னு ரெண்டு பேர் சேர்ந்து ஆரம்பிச்ச குட்டி ஸ்டூடியோதான் டீம் செர்ரி. 2014-ல கிக்ஸ்டார்ட்டர்ல காசு கேட்டாங்க. 57,000 ஆஸ்திரேலிய டாலருக்குக் கொஞ்சம் மேல வந்துச்சு. சென்னையில ஒரு டூ பெட்ரூம் பிளாட்டோட முன்பணம்னு வெச்சுக்கோங்க. அதை வெச்சு அவங்க பண்ணின 'ஹாலோ நைட்' 2017 பிப்ரவரியில வந்துச்சு. கையால வரைஞ்ச பூச்சிகளோட ஒரு பாழடைஞ்ச ராஜ்யம், அதுக்குள்ள இறங்கி இறங்கிப் போற ஒரு குட்டி வீரன். பிச்சிக்கிட்டுப் போச்சு. 2025 ஆகஸ்ட் வரைக்கும் ஒன்றரைக் கோடி பிரதிகள் வித்திருந்துச்சு.

அந்தக் கிக்ஸ்டார்ட்டர்லயே ஒரு வாக்குறுதி இருந்துச்சு: இந்த அளவு காசு வந்தா இன்னொரு கேரக்டரையும் விளையாடத் தருவோம்னு. அந்தக் கேரக்டர்தான் ஹார்னெட். கூடுதல் இணைப்பா வர வேண்டியது வளர்ந்துக்கிட்டே போச்சு. 2019 பிப்ரவரியில "இது தனி கேமாவே வரும்"னு சொல்லிட்டாங்க. அதே வருஷம் ஜூன்ல ஆடிப் பார்க்குற மாதிரி டெமோவும் காட்டினாங்க. டெமோ வந்துருச்சுன்னா கேம் பக்கத்துலதான் இருக்குன்னு எல்லாரும் நினைச்சோம். அப்புறம் கிணத்துல போட்ட கல்லு. 2022 ஜூன்ல எக்ஸ்பாக்ஸ் நிகழ்ச்சியில காட்டினப்போ, காட்டுற எல்லாமே 12 மாசத்துக்குள்ள வரும்னு சொன்னாங்க. 2023 மே மாசம், இல்லை, இன்னும் நேரம் வேணும்னு அறிவிப்பு. கடைசியா 2025 ஆகஸ்ட் 21-ஆம் தேதி ஒரு ட்ரெய்லர் விட்டு, ரெண்டே வாரத்துல, செப்டம்பர் 4-ன்னு தேதி சொன்னாங்க. அந்தத் தேதியில வர இருந்த பல குட்டி கேம்கள் பயந்துபோய் தள்ளிப்போட்டுக்கிட்டாங்க. பொங்கலுக்கு ரஜினி படம் வருதுன்னா மத்த படங்க ஒதுங்குமே, அந்தக் கணக்கு.

ஏன் இவ்வளவு நாள்? நாம சாஃப்ட்வேர்காரங்க, உடனே மனசுல ஓடுறது ஒண்ணுதான்: புராஜெக்ட் எங்கேயோ சிக்கிருக்கு, யாரோ மறைக்குறாங்க. ஆனா ப்ளூம்பெர்க்குக்கு அவங்க ரெண்டு பேரும் கொடுத்த பேட்டியில சொன்னது வேற. பெரிய பிரச்சினை எதுவும் நடக்கல. செய்யறது ஜாலியா இருந்துச்சு, செஞ்சுக்கிட்டே இருந்தோம். புதுசா ஏதாவது வரைஞ்சா அதுவும் கேமுக்குள்ள போய்டுது, அதனால ஒரு கட்டத்துல வரையறதையே நிறுத்த வேண்டியதாப் போச்சுன்னு கிப்சன் சொல்றாரு. நம்ம ஆபீஸ்ல ஒருத்தன் இப்படிச் சொன்னா அடுத்த அப்ரைசல்ல நல்லா வெச்சு செய்வாங்க. அவங்களுக்கு ஏன் முடிஞ்சுதுன்னா, விரல் விட்டு எண்ணக்கூடிய டீம், ஒன்றரைக் கோடி பிரதி வித்த காசு, மேல உட்கார்ந்து தேதி கேட்க ஒரு பப்ளிஷர் கிடையாது.

இதோட நிறுத்தினா, "காசும் சுதந்திரமும் இருந்தா நல்ல கேம் வரும்"னு ஆயிடும். அது உண்மை இல்ல. 'ட்யூக் நுகெம் ஃபாரெவர்' ஞாபகம் இருக்கா? 1997-ல அறிவிச்சாங்க. அவங்ககிட்டயும் முந்தின கேம் கொடுத்த காசு இருந்துச்சு. எப்போ வரும்னு கேட்டா, "முடியும்போது வரும்"னு சொல்ற சுதந்திரமும் இருந்துச்சு. 2009-ல டீமையே கலைச்சாங்க, அப்புறம் வேற கம்பெனி கை மாத்தி எடுத்து 2011-ல ரிலீஸ் பண்ணுச்சு. பதினாலு வருஷம். வந்ததும் விமர்சகர்கள் கிழிச்சுத் தொங்கவிட்டாங்க.

ரெண்டுக்கும் வித்தியாசம் எங்கன்னு யோசிச்சா, என் கணிப்பு இது. ட்யூக் காலத்துல முப்பரிமாண கேம்கள் வருஷா வருஷம் அழகாயிட்டே போச்சு. போட்டி கேம்களைப் பார்த்துப் பார்த்து, க்வேக் 2 இன்ஜின்ல ஆரம்பிச்சதை 1998-லயே அன்ரியலுக்கு மாத்தினாங்க. ஓடுற பஸ்ஸைத் துரத்துற மாதிரி. இன்ஜின் மாறினா பழைய வேலையில பாதி குப்பைக்குப் போகும். சில்க்சாங் கையால வரைஞ்ச 2டி. முதல் கேம் மாதிரியே யூனிட்டி இன்ஜின். 2019-ல வரைஞ்ச ஒரு குகை 2025-லயும் அதே அழகுதான், அதைத் திரும்பச் செய்யத் தேவை இல்ல. அதனால கூடுதலா போன ஒவ்வொரு வருஷமும் முந்தின வேலை மேல உட்கார்ந்துச்சு, அதை அழிக்கல. லேட் ஆகுற எல்லா புராஜெக்ட்டும் ஒண்ணு இல்ல மக்களே. உங்க டீம்ல அடுத்த முறை தேதி தள்ளும்போது கேட்டுப் பாருங்க: வேலை சேர்ந்துட்டு இருக்கா, இல்ல கரைஞ்சுட்டு இருக்கா?

ரிலீஸ் நாள். நம்ம நேரப்படி ராத்திரி 7:30. ஸ்டீம், நிண்டெண்டோ, பிளேஸ்டேஷன்னு ஆன்லைன் கடைகள் வரிசையா திணறுச்சு. ஸ்டீம்ல முன்கூட்டியே வாங்கி வெக்குற வசதி இல்ல, அதனால எல்லாரும் அதே நிமிஷம் கடை வாசல்ல. கேமை டவுன்லோட் பண்றது ஈஸி, அதே ஃபைல்தான், உலகம் பூரா காப்பி வெச்சுக் கொடுத்துடலாம். பணம் கட்டுறது அப்படி இல்ல. யார் கட்டினாங்க, யாருக்குக் கொடுத்தோம்னு ஒவ்வொண்ணையும் சரியா ஒரு தடவை எழுதணும், அதைக் காப்பி வெச்சு சமாளிக்க முடியாது. எரர் வந்ததும் ஒவ்வொருத்தரும் பட்டனை அஞ்சு தடவை அமுக்குவாங்க, ஒரு கூட்டம் அஞ்சு கூட்டமாகும். காலையில தத்கால் போட்டவங்களுக்கு இது புதுசு இல்ல. அப்படியும் அன்னைக்கு ஸ்டீம்ல மட்டும் ஒரே நேரத்துல 5 லட்சம் பேருக்கு மேல விளையாடிட்டு இருந்தாங்க. நான் அதுல இல்ல. 7:30-க்கு எனக்கு அமெரிக்கா டீமோட கால். சனிக்கிழமைதான் வாங்கினேன்.

சரி, கேம் எப்படி? அருமை. ஆனா கஷ்டம், அதுவும் வேற மாதிரி கஷ்டம். முதல் கேம்ல தொடக்கத்துல அஞ்சு உயிர், ஒரு அடிக்குப் பெரும்பாலும் ஒண்ணு போகும். அஞ்சு தப்பு பண்ணலாம். இதுலயும் அஞ்சுதான், ஆனா பாஸ்கள் நிறைய பேர் ஒரே அடியில ரெண்டு எடுக்குறாங்க. மூணாவது தப்புல ஆட்டம் காலி. ஹார்னெட் குணமாகும்போது ஒரே மூச்சுல மூணு உயிர் திரும்ப வரும், ஆனா சேர்த்து வெச்ச பட்டு நூல் மொத்தமும் போயிடும். கொஞ்சம் கொஞ்சமா தேத்திக்கிட்டு ஓட்டுற பழைய பழக்கம் இங்க செல்லாது.

இதைவிடப் பெரிய கஷ்டம் இன்னொண்ணு. முதல் கேம்ல எகிறிக் குதிச்சு நேர் கீழே குத்தினா, எதிரி மேல பட்டு திரும்ப எம்பலாம். ஹார்னெட் தொடக்கத்துல நேர் கீழே குத்த மாட்டா, சாய்வா பாய்வா. ஹன்டர்ஸ் மார்ச்னு ஆரம்பத்துலயே ஒரு இடம், சிவப்புப் பூக்கள் மேல குதிச்சுக் குதிச்சுப் போகணும். கேமையே தொடாத என் தங்கச்சி அங்க பத்து நிமிஷத்துல பழகிட்டா. பழைய கேமை நாலு தடவை முடிச்ச நான் அரை மணி நேரம் முள்ளு மேலயே விழுந்தேன். மூளைக்குப் புரியுது, கட்டை விரல் கேக்க மாட்டேங்குது. ஆறரை வருஷம் காத்திருந்தப்போ என்ன பண்ணினோம்? பழைய கேமையே திரும்பத் திரும்ப ஆடினோம். அதிகமா காத்திருந்தவனுக்குத்தான் மறக்க வேண்டியதும் அதிகம். வேற முகடு கிடைச்சா குத்துற விதத்தையே மாத்திக்கலாம், அது வரைக்கும் பொறுமை வேணும்.

ஓவர் கஷ்டம்னு புலம்பல் வந்ததும், ஆரம்பத்துல வர்ற ரெண்டு பாஸ்களை முதல் அப்டேட்லயே கொஞ்சம் தணிச்சுட்டாங்க. எனக்கு பாஸ் பிரச்சினை இல்ல, நேரம்தான் பிரச்சினை. ராத்திரி 45 நிமிஷம் கிடைக்கும். சிட்டடல் வாசல்ல லாஸ்ட் ஜட்ஜ்னு ஒருத்தன். செத்தா பெஞ்ச்லேர்ந்து அவன்கிட்ட திரும்ப ஓடணும். 45-ல 20 நிமிஷம் ஓட்டத்துலயே போயிடுது. ஃபைனல் இயர்ல இதெல்லாம் ஒரு விஷயமாவே தெரிஞ்சிருக்காது.

அப்போ ஹாஸ்டல்ல ரெண்டு பேருக்கு ஒரு லேப்டாப். செத்தா கன்ட்ரோலர் கை மாறணும், அதுதான் ரூல். 2019-ல அறிவிப்பு வந்த அன்னைக்கு, இதையும் இப்படியே ஆடுறோம்னு பேசி வெச்சிருந்தோம். அவன் இப்போ டொரன்டோல இருக்கான், குழந்தைக்கு எட்டு மாசம். "வாங்கிட்டியாடா?"ன்னு மெசேஜ் போட்டேன். "வாங்கிட்டேன், இன்னும் இன்ஸ்டால் பண்ணலடா"ன்னான். எனக்கு ராத்திரி பத்தரைன்னா அவனுக்கு மதியம் ஒரு மணி, குழந்தை தூங்குற நேரம். போன சனிக்கிழமை வீடியோ கால்ல ஸ்கிரீன் ஷேர் போட்டு லாஸ்ட் ஜட்ஜை ஆடினேன். ரூல் பழசுதான், நான் செத்தா அவன் திட்டலாம். பதினொரு தடவை செத்தேன். பன்னிரண்டாவது தடவை பாதியில குழந்தை முழிச்சுருச்சு.

இந்த சனிக்கிழமை மறுபடி ட்ரை பண்றோம். நீங்க இப்போதான் ஆரம்பிக்கிறீங்கன்னா, முதல் கேம் ஆடியிருக்கணும்னு அவசியமே இல்ல. கையில காசு சேர்ந்தா மாலையா கோத்து வெச்சுக்கோங்க, செத்தா அது போகாது. இதை எனக்கு யாரும் சொல்லல.