முதுகெலும்பில் ஒளிரும் சர்க்கரை

லிம்போசைட் எனப்படும் வெள்ளையணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுவதே லிம்ஃபோமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய். பெரும்பாலும் கழுத்திலோ அக்குளிலோ வீக்கமாகத் தெரியவரும் இந்நோய், சிலருக்கு முதுகெலும்புக்கும் பரவுகிறது. அதை எப்படிக் கண்டறிகிறார்கள்?

எக்ஸ்ரே முக்கியமாக எலும்பிலுள்ள தாதுப்பொருளைக் காட்டும். லிம்ஃபோமா முதலில் குடியேறுவதோ எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில். முள்ளெலும்பு தன் தாதுப்பொருளில் ஏறத்தாழ 30 முதல் 50 விழுக்காட்டை இழந்த பிறகே எக்ஸ்ரேயில் மாற்றம் தெரியும். ஆகவே, எக்ஸ்ரே நன்றாக இருப்பதை மட்டும் வைத்து நோய் இல்லை என்று முடிவு செய்ய முடியாது.

எம்.ஆர்.ஐ. கருவி காந்தப்புலத்தையும் வானொலி அலைகளையும் கொண்டு, நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜனைப் படமெடுக்கிறது. பெரியவர்களின் மஜ்ஜையில் கொழுப்பு அதிகம். அந்த இடத்தைப் புற்றணுக்கள் பிடித்துக்கொண்டால் படத்தில் வேறுபாடு தெரியும். கட்டி தண்டுவடத்தை அழுத்துகிறதா என்பதும் தெரியும். அழுத்தினால் கால்கள் வலுவிழக்கும். சிறுநீர் கழிப்பதும் சிரமமாகும். உடனே சிகிச்சை தராவிட்டால் நடக்கும் திறனே போய்விடலாம்.

பெட் ஸ்கேன் வேறொரு கேள்வி கேட்கிறது: எந்த அணுக்கள் அதிகமாகச் சர்க்கரை உண்கின்றன? குளுக்கோஸ் போன்ற ஒரு பொருளில் கதிரியக்க ஃபுளூரின்-18ஐ இணைத்து ஊசி மூலம் செலுத்துவார்கள். பசி மிகுந்த புற்றணுக்கள் அதை விழுங்கிச் சேர்த்துவைக்கும். அங்கிருந்து வெளிவரும் காமா கதிர்களைக் கருவி பதிவு செய்யும்.

மாணவர்களே, இங்கே ஒரு கணக்கு. ஃபுளூரின்-18இன் அரை ஆயுள் 110 நிமிடம். கோலாலம்பூரில் தயாரான மருந்து நெடுஞ்சாலை வழியே ஜோகூர் பாரு வந்துசேர 3 மணி 40 நிமிடம் ஆனால், இரண்டு அரை ஆயுள்கள் கழிந்திருக்கும். மிஞ்சும் கதிரியக்கம் கால் பங்குதான்! அதனால்தான் இதைத் தயாரித்துச் சேமித்து வைக்க முடிவதில்லை.

சிகிச்சைக்குப் பின்னும் முதுகெலும்பில் ஒரு தழும்பு எஞ்சலாம். அது உயிருள்ள புற்றா, செத்த திசுவா? அது சர்க்கரை உண்கிறதா என்று பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைக்கும். ஆனால், மூளையும் சர்க்கரையை விரும்பி உண்ணும். அழற்சியும் படத்தில் ஒளிரும். எனவே, நோய் லிம்ஃபோமாதான் என்று உறுதிசெய்ய, திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தே ஆக வேண்டும்.