ஒரே விளையில் இரண்டு கம்ப்யூட்டர்கள்

எங்கள் ஊரான அருமனையில் ஒரே வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர் இருப்பது இன்று பெரிய காரியமில்லை. கல்லூரிக்குப் போகிற தம்பிக்கு ஒரு லேப்டாப், மாடியில் கல்யாண வீடியோ எடிட் செய்கிற அண்ணனுக்கு ஒரு பெரிய மெஷின். இரண்டுக்கும் நடுவே ஒரு மாடிப்படிதான். ஆனாலும் ஒரு வீடியோ கீழேயிருந்து மேலே போக, முதலில் எங்கோ ஒரு டேட்டா சென்டருக்கு ஏறி, அங்கிருந்து இறங்கி வருகிறது. அவசரமென்றால் பென்டிரைவ். நடுவில் ஒரு கேபிளை நேராகச் செருகினால் போதும் என்பது பலருக்கு நினைவிலேயே இல்லை. எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு. அந்த இணைப்பு மிகவும் மெதுவாக ஓடிய காலத்தில் அதைத் தன் கையால் போடத் தெரிந்த பையன்கள் எங்கள் பக்கத்தில் இருந்தார்கள்.

விண்டோஸ் 95, 98 காலம் அது. எம்எஸ்-டாஸ் 6-லேயே இரண்டு கம்ப்யூட்டரை கேபிளால் இணைக்கும் இன்டர்லிங்க் இருந்தது. விண்டோஸ் 95-இல் ‘டைரக்ட் கேபிள் கனெக்‌ஷன்’ என்ற பெயரில் அதே வசதி வந்தது. சீரியல் போர்ட் வழியாக அதிகபட்சம் நொடிக்கு 1,15,200 பிட். 5 எம்பி பாட்டு ஒன்று போய்ச்சேர ஏழு நிமிடத்துக்கு மேல் ஆகும். 700 எம்பி சிடி ஒன்றை அப்படியே அனுப்ப உட்கார்ந்தால் பதினேழு மணி நேரம். அதற்குள் கறண்டு போகாமலிருக்க வேண்டும். பிரிண்டர் போர்ட் கேபிள் இதைவிடப் பல மடங்கு வேகம், அதுவும் போதாது. பெரிய ஃபைலென்றால் ஹார்ட் டிஸ்கையே கழற்றி, தோர்த்தில் சுற்றி, சைக்கிளில் கொண்டுபோவதுதான் வழக்கம்.

நிலைமையை மாற்றியது லேன் கார்டு. ரியல்டெக் 8139 சிப் வைத்த, விலை குறைந்த கார்டுகள் வந்ததும் நொடிக்கு 100 மெகாபிட் என்பது வீட்டுக்குள் நுழைந்தது. ஆனால் கடையில் கிடைக்கும் சாதாரண கேபிளைச் செருகினால் இரண்டு மெஷினும் பேசாது. ஒவ்வொரு கார்டும் 1, 2 பின்களில் அனுப்பும். 3, 6 பின்களில் கேட்கும். நடுவில் ஹப் இருந்தால் அது மாற்றிக் கொடுத்துவிடும். நேருக்கு நேர் செருகினாலோ இரண்டும் ஒரே கம்பியில் அனுப்பிவிட்டு, ஒரே கம்பியில் பதிலுக்குக் காத்திருக்கும். அதனால் ஒரு முனையில் ஆரஞ்சு ஜோடியையும் பச்சை ஜோடியையும் இடம் மாற்றி, ‘கிராஸ்’ கேபிள் அடிக்க வேண்டும்.

அதைப் பார்த்திருந்தால்தான் அந்த வேலையின் அருமை தெரியும். மேல்தோலை ஒரு அங்குலம் சீவி, முறுக்கியிருக்கும் நாலு ஜோடியைப் பிரித்து, எட்டுக் கம்பியையும் விரலால் நீவி நேராக்கி, வரிசையாக அடுக்கி, நுனியை ஒரே மட்டமாக வெட்டி, கண்ணாடி போன்ற அந்தச் சின்னக் கனெக்டருக்குள் அசையாமல் தள்ளி, கிரிம்பிங் டூலில் வைத்து அழுத்த வேண்டும். ஒரு கம்பி அரை மில்லிமீட்டர் பின்தங்கினாலும் போச்சு, வெட்டிவிட்டு முதலிலிருந்து. பிறகு ஒன்றுக்கு 192.168.0.1, மற்றதற்கு 192.168.0.2 என்று எண் கொடுத்து, ‘பிங்’ அடித்து நாலு வரியும் பதில் வந்துவிட்டால், அன்று ராத்திரி ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்தான். கடையில் வேறு கேபிள் கேட்டு வாங்கிப் போனவரிடம் ஒரு பையன் சொன்னது நினைவிருக்கிறது: “அது ஸ்விட்சுக்குள்ளதாக்கும் அண்ணா, இதுக்குக் கிராஸ் வேணும்.” கம்பிக்குள் என்ன நடக்கிறது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

இன்று அந்தச் சிரமம் எதுவும் இல்லை. 1999-இல் தரப்படுத்தப்பட்ட கிகாபிட் ஈதர்நெட் நாலு ஜோடியையும் பயன்படுத்துகிறது. எந்தக் கம்பி எங்கே போகிறது என்பதைக் கார்டே பார்த்து மாற்றிக்கொள்கிறது. கிராஸ் கேபிள் தேவையில்லை. கையில் கிடைக்கும் கேட்-5இ அல்லது கேட்-6 கேபிளைச் செருகினால் போதும். பழைய மாதிரியே இரண்டு எண் கொடுக்க வேண்டும். கேட்வே என்ற இடத்தைக் காலியாக விட வேண்டும். அப்போதுதான் இன்டர்நெட் வழக்கம்போல வைஃபையில் போகும், ஃபைல் மட்டும் கேபிளில் போகும்.

டிசம்பரில் கிறிஸ்துமஸ் விழா, அதைத் தொட்டாற்போல் கல்யாணங்கள் என்று வேலை குவிகிற வீடியோக்காரருக்கு இதன் அருமை உடனே தெரியும். 4கே-யில் நொடிக்கு 100 மெகாபிட் என்ற கணக்கில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. இரண்டு கேமரா, இரண்டு நாள் என்றால் 300 ஜிபி சாதாரணமாகச் சேர்ந்துவிடும். நொடிக்கு 50 மெகாபிட் லைனில் அதை மேலே ஏற்றவே பதின்மூன்று மணி நேரம். பிறகு இறக்க வேண்டும். கிகாபிட் கேபிளில் முக்கால் மணி நேரம். 2016-இல் தரம் வகுத்த 2.5 கிகாபிட்டில் இருபது நிமிடத்துக்குள். புதிய மதர்போர்டுகள் பலவற்றில் அந்தப் போர்ட் இருக்கிறது, லேப்டாப்புக்கு யுஎஸ்பி அடாப்டர் கிடைக்கும், பழைய கேட்-5இ கேபிளே தாங்கும்.

பெரிய அலுவலகங்கள் கழித்துவிட்ட 10 கிகாபிட் கார்டுகளை வாங்கிப் போடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். இரண்டு பக்கமும் என்விஎம்இ எஸ்எஸ்டி இருந்தால் போடலாம், ஐந்து நிமிடத்தில் வேலை முடியும். சுழலும் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நொடிக்கு 150, 200 எம்பிக்கு மேல் கொடுக்காது. அதற்கு முன்னால் 10 கிகாபிட் வைத்து என்ன பயன்? என் அபிப்பிராயம், எங்கள் ஊர் வேலைக்கு 2.5 போதும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: 4, 5, 7, 8-ஆம் கம்பிகளில் ஒன்று பழுதானால் இணைப்பு பெரும்பாலும் அறுந்துபோகாது, சத்தமில்லாமல் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். நெட்வொர்க் ஸ்டேட்டஸில் வேகத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

இன்டர்நெட் கம்பெனியை நம்பாமல் நேராக இணைப்பது வீட்டோடு நிற்கிற விஷயமும் அல்ல. தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனையும் பெர்க்லி கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்களும் 2000-களின் நடுவில் சாதாரண வைஃபை ரேடியோவையும் ஆன்டெனாவையும் வைத்து, மருத்துவமனையிலிருந்து சிற்றூர்க் கண் மையங்களுக்கு நேரடி இணைப்பு போட்டார்கள். மையத்தில் இருக்கும் நோயாளியை டாக்டர் வீடியோவில் பார்த்துப் பேசினார். நேர்ப்பார்வை கிடைக்கும் இடங்கள் அவை. மேடும் பள்ளமும் ரப்பர் மரமுமாகக் கிடக்கிற அருமனையில் அதைச் செய்ய உயரமான கம்பம் நட்டாக வேண்டும்.

எங்களுக்குக் கேபிள்தான் சரி. ஒரே விளையில் பழைய வீட்டில் அண்ணன், புது வீட்டில் தம்பி என்று இருப்பவர்கள் நிறைய. அங்கே வீட்டுக்கு வீடு செப்புக் கேபிள் இழுக்கக் கூடாது என்பேன். நூறு மீட்டருக்கு மேல் போகாது என்பது ஒரு காரணம். பெரிய காரணம் இடி. சித்திரையிலும் ஐப்பசியிலும் இங்கே விழுகிற இடியில், ஒரு வீட்டில் ஏறிய மின்சாரம் அந்தச் செம்பு வழியாகவே அடுத்த வீட்டு மெஷினையும் கொண்டுபோய்விடும். கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது. உலோகக் கம்பி சேராத ஃபைபர் கேபிள் ஒன்று, இரு முனைக்கும் மீடியா கன்வெர்ட்டர், மண்ணுக்கடியில் ஒரு பிவிசி குழாய், அவ்வளவுதான் செலவு. பிறகு மரம் நடக் குழி எடுக்க வருகிறவர்களிடம் குழாய் போகும் வழியைச் சொல்லி வைக்க வேண்டும்.