'நோ டிஸ்க்' என்று சொல்லும் கல்யாணம்

கொச்சி இடப்பள்ளியின் புனித ஜார்ஜ் தேவாலயம் கி.பி. 594-இல் நிறுவப்பட்டது என்பது அந்த ஊர் வழிவழியாகச் சொல்லிவரும் கணக்கு. அந்தக் கணக்கின் முன் 2004-இல் நடந்த ஒரு கல்யாணம் நேற்று முன்தினத்துச் சங்கதிதான். ஆனால் அந்தக் கல்யாணத்தை இன்று டிவியில் போட்டுப் பார்க்க நினைத்தால் பலருக்கு முடிவதில்லை. அலமாரியிலிருந்து டிஸ்கை எடுத்து, பரணிலிருந்து பிளேயரை இறக்கி, தூசி தட்டிப் போட்டால், அது கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு 'நோ டிஸ்க்' என்கிறது. கையில் பிடித்துப் போட்ட டிஸ்கையே இல்லை என்று சாதிக்கிற சாமர்த்தியம் இந்த இயந்திரத்துக்கு மட்டுமே உண்டு.

கொச்சியில் இது வீட்டுக்கு வீடு உள்ள சிக்கல். மட்டாஞ்சேரியில் கொங்கணி, குஜராத்தி, தமிழ் என்று சில தெருக்களுக்குள் பல மொழிகள் புழங்குகின்றன. ஒவ்வொரு வீட்டுக் கல்யாணத்துக்கும் சடங்கு வேறு, சாப்பாடு வேறு. வீடியோக்காரர் கடைசியில் கொடுத்தது மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான்: கம்ப்யூட்டரில் ரைட் செய்து, மேலே மணமக்கள் படம் ஒட்டிய சிடி அல்லது டிவிடி. வடக்கே மலபாரில் இதே வட்டு ஒரு குட்டித் திரையுலகத்தையே சுமந்தது. கோழிக்கோடு மாவட்டத்துச் சலாம் கொடியத்தூர் போன்றவர்கள் தியேட்டர் பக்கமே போகாமல் எடுத்த 'ஹோம் சினிமா'க்கள் கேசட்டிலும் பிறகு சிடியிலும் வளைகுடா வரை போய்ச் சேர்ந்தன.

கடையில் வாங்கிய சினிமா டிஸ்க் ஓடுகிறது, வீட்டு டிஸ்க் ஓடவில்லை என்றால் வீடியோக்காரரைத் திட்டுவது வழக்கம். பெரும்பாலும் குற்றம் அவர்மீது இல்லை. ஆலை டிஸ்கில் தகவல் நுண்ணிய பள்ளங்களாக அச்சிடப்பட்டிருக்கும். வீட்டில் ரைட் செய்யும் சிடி-ஆர் வட்டில் பள்ளமே கிடையாது. ஒரு சாயப் பூச்சு மட்டும் உண்டு. லேசர் சுட்ட இடத்தில் சாயம் நிறம் மாற, அதையே பிளேயர் பள்ளமாக எண்ணிப் படிக்கிறது. அந்தச் சாயம் 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிடி லேசரை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. 1990-களின் இறுதியில் வந்த டிவிடி பிளேயர்களோ 650 நானோமீட்டர் சிவப்பு லேசரோடு வந்தன. அந்த ஒளியைச் சாயம் விழுங்கிவிடும். திரும்பி வருவது ஒன்றுமில்லை. இரண்டு லேசர் வைத்த பிளேயர்கள் மட்டும் தப்பின.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அழித்து எழுதும் சிடி-ஆர்டபிள்யூ வட்டில் சாயத்துக்குப் பதில் உலோகக் கலவை. தன்மேல் விழும் ஒளியில் அது 15 முதல் 25 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்பும். ஆலை டிஸ்க் சுமார் 70 சதவீதத்தை அனுப்பும். அதனால் பழைய சிடி, விசிடி பிளேயர்கள் ஆர்டபிள்யூ வட்டைக் கண்டுகொள்வதே இல்லை. ஆனால் சிடி-ஆர் வட்டை மறுத்த அதே முதல் தலைமுறை டிவிடி பிளேயர்களில் பல, ஆர்டபிள்யூ வட்டை அமைதியாக ஓட்டின! கடைக்காரர்கள் 'அந்த மெஷினுக்கு இந்த டிஸ்க்தான் பிடிக்கும்' என்று சொன்னது வெறும் சமாளிப்பு அல்ல.

அடுத்தது உள்ளே இருக்கும் சரக்கு. விசிடி என்பது 1993-இல் பிலிப்ஸ், சோனி, மட்சுஷிடா, ஜேவிசி நிறுவனங்கள் சேர்ந்து வகுத்த முறை. நம் ஊர் டிவி முறையான பிஏஎல் கணக்கில் படத்தின் அளவு 352 x 288 புள்ளிகள்; ஒரு டிஸ்கில் 74 நிமிடம், கொஞ்சம் இழுத்தால் 80. அதனால்தான் முகூர்த்தம் ஒரு டிஸ்கிலும் விருந்து இன்னொன்றிலும் இருக்கும். உலகம் அவ்வளவாகக் கண்டுகொள்ளாத இந்த முறையைச் சீனாவின் மலிவு பிளேயர்கள் ஆசியா முழுக்கப் பரப்பின. படத்தைச் சுருக்கும் முறை விசிடி என்றால் எம்பெக்-1, டிவிடி என்றால் எம்பெக்-2. டிவிடி மட்டும் ஓட்டும்படி செய்த சில பிளேயர்கள் விசிடியை ஏற்காது. வெறும் விசிடி பிளேயரால் டிவிடியைத் தொடவே முடியாது.

அமெரிக்காவுக்குப் போன நர்ஸுகளின் குடும்பங்கள் இன்னொரு விதமாக மாட்டிக்கொண்டன. இங்கே எடுத்த வீடியோ பிஏஎல் முறை, நொடிக்கு 25 படங்கள். அங்கே டிவி என்டிஎஸ்சி, நொடிக்கு ஏறக்குறைய 30. அங்கே வாங்கிய பிளேயர்கள் பலவற்றில் ஊர்க் கல்யாணம் ஓட மறுத்தது. ஓடினாலும் கறுப்பு வெள்ளையில் உருண்டது. வீட்டு டிவிடிக்கு மண்டலப் பூட்டு கிடையாது, இருந்தும் பயனில்லை. நம் ஊரில் விற்ற மலிவு பிளேயர்களில் பல இரண்டு முறைகளையும் ஓட்டியதால் இங்கிருந்தவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியவே இல்லை.

கம்ப்யூட்டருக்கு பிஏஎல், என்டிஎஸ்சி பேதம் இல்லை. அதற்கு வேறு பேதங்கள் உண்டு. விண்டோஸ் எக்ஸ்பி விசிடியின் 'டாட்' ஃபைலைத் தானாகவே ஓட்டும். டிவிடி போட்டால் டிகோடர் கேட்கும். விண்டோஸ் 7-இன் பெரும்பாலான பதிப்புகளில் அந்த டிகோடர் கூடவே வந்தது. 2012-இல் வந்த விண்டோஸ் 8-இல் அது மறுபடி காணாமல் போயிற்று. பாரிஸ் அருகேயுள்ள ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய விஎல்சி என்ற இலவச மென்பொருள்தான் இந்த எல்லாக் குழப்பத்துக்கும் ஒரே மருந்து. இது லினக்ஸிலும் ஓடும்.  லினக்ஸில் கடை சினிமா டிவிடியை ஓட்டப் பூட்டைத் திறக்கும் தனி நிரல் வேண்டும். கல்யாண டிவிடியில் பூட்டே இல்லாததால் நேராக ஓடும்.

இத்தனையும் சரியாக இருந்தும் படம் திக்கித் திணறினால், மேலே ஒட்டிய அந்த மணமக்கள் படத்தைச் சந்தேகிக்கலாம். காகித ஸ்டிக்கர் ஒரு பக்கம் உரிந்தால், வேகமாகச் சுழலும் டிஸ்க் நடுங்கும். சிடியில் தகவல் இருப்பது எழுத்து உள்ள மேல்பக்கத்துக்குச் சற்றே கீழே. மெல்லிய அரக்குப் பூச்சுதான் அதற்குக் காவல். பளபளக்கும் அடிப்பக்கத்தைக் கண்ணாகப் பார்த்துக்கொண்டு, மேலே பால்பாயின்ட் பேனாவால் தேதி எழுதிப் பாழாக்கியவர்கள் ஏராளம். டிவிடியில் தகவல் இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே இருப்பதால் அது கொஞ்சம் தாங்கும்.

கொச்சியின் ஈரக்காற்று தனி வில்லன். கேமரா லென்ஸில் பூஞ்சை பிடிப்பதை இங்குள்ள எந்தப் புகைப்படக்காரரும் சொல்வார். டிஸ்கையும் பூஞ்சை விட்டுவைக்காது. மத்திய அமெரிக்காவின் பெலிஸ் நாட்டிலிருந்து வந்த ஒரு சிடியை, ஜியோட்ரிக்கம் என்ற பூஞ்சை ஓரத்திலிருந்து உள்நோக்கித் தின்றிருந்ததை ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் 2001-இல் கண்டார்கள். வெப்பமும் ஈரமும் அங்கேயும் இங்கேயும் ஏறக்குறைய ஒன்றுதான். டிஸ்கை பிளாஸ்டிக் உறையில் திணித்து, சமையலறைச் சுவரை ஒட்டிய அலமாரியில் வைப்பதைவிடக் கெட்ட ஏற்பாடு இல்லை.

இவை எல்லாவற்றையும்விட அவசரமான விஷயம், டிஸ்குகளும் அவற்றைப் படிக்கும் இயந்திரங்களும் மறைந்துவருவது. 28 ரூபாய்க்கு சினிமா விசிடி விற்று இந்தியச் சந்தையைக் கலக்கிய மோசர் பேயர் நிறுவனம், 2018-இல் கலைப்புக்குப் போனது. எழுதக்கூடிய ப்ளூ-ரே டிஸ்க் தயாரிப்பை சோனி 2025 பிப்ரவரியில் நிறுத்திக்கொண்டது. புது லேப்டாப்களில் டிரைவ் இருப்பது அபூர்வம். அதனால் பழைய பிளேயரை ஆக்கர் கடைக்குப் போடுவது இப்போதைக்கு வேண்டாத வேலை.

இயந்திரம் இருக்கும்போதே டிஸ்கைக் காப்பி எடுத்துவைப்பது நல்லது. அப்போது ஒரு விஷயம் கவனிக்கத் தக்கது. பிளேயர் கீறலைத் தாண்டி ஓடிவிடும். கம்ப்யூட்டரில் ஃபைலாகக் காப்பி செய்தால், ஒரே கீறலில் 'எரர்' என்று நின்றுவிடும். விசிடியில் படத் தகவலுக்குப் பிழைதிருத்தம் குறைவு என்பதால் அதில் இது அடிக்கடி நடக்கும். ஒரு டிரைவ் மறுத்ததை இன்னொரு கம்பெனி டிரைவ் படிப்பதும் சகஜம். எதுவும் முடியாவிட்டால், பழைய பிளேயரின் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர்களை ஒரு யுஎஸ்பி கேப்சர் கருவியில் செருகி, ஓட ஓடப் பதிவு செய்வதே வழி. தரம் சற்றுக் குறையும். தாலி கட்டும் நிமிடம் கிடைத்துவிடும்.

எட்டு சென்டிமீட்டர் குட்டி டிவிடிகளுக்கு மட்டும் இந்த வைத்தியம் போதாது. ஹிட்டாச்சியும் சோனியும் விற்ற வீடியோ கேமராக்களுக்குள் நேராகப் பதிவான டிஸ்குகள் அவை. ஒவ்வொன்றிலும் சுமார் அரை மணி நேரம். பதிவு முடிந்ததும் கேமராவில் 'ஃபைனலைஸ்' கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காத டிஸ்கைப் பிளேயர் அறியாது. கம்ப்யூட்டரும் காலி டிஸ்க் என்றே காட்டும். காலி என்று நம்பிக் குப்பையில் போட்டவர்கள் உண்டு. கேமராவும் சார்ஜரும் இன்னும் வீட்டில் கிடந்தால் அதிலேயே போட்டு ஃபைனலைஸ் செய்துவிடலாம். இல்லாவிட்டால் ஐசோபஸ்டர் போன்ற மீட்பு மென்பொருள்கள் முயன்று பார்க்கும். அதற்கு டிஸ்கைத் தட்டில் வைக்கும் டிரைவ் வேண்டும். வாய்க்குள் இழுத்துக்கொள்ளும் வகை டிரைவில் இந்தக் குட்டி டிஸ்கைப் போட்டால், அதை வெளியே எடுக்க டிரைவைக் கழற்ற வேண்டிவரும்.