‘ஒருநாள் முழுக்கப் பட்டினி கிடந்ததுண்டா?’ - நைஜீரியக் குடும்பங்களிடம் போனில் கேட்கப்பட்ட கேள்வி!

‘கடந்த 30 நாள்களில், கையில் காசில்லாமல் ஒருவேளைச் சாப்பாட்டைத் தவிர்த்தீர்களா? ஒருநாள் முழுக்கப் பட்டினி கிடந்ததுண்டா?’

முகம் தெரியாத ஒருவர் போனில் இப்படிக் கேட்டால் யாருக்கும் தயக்கம் வரும். ஆனால், கொரோனா காலத்தில் நைஜீரியாவில் ஏராளமான குடும்பங்கள் இந்தக் கேள்விகளுக்கு பதில் சொன்னார்கள். அந்த பதில்கள்தான் நாட்டின் உண்மை நிலவரத்தை வெளியே கொண்டுவந்தன.

2020 பிப்ரவரி இறுதியில் நைஜீரியாவின் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். மார்ச் 30 முதல் லாகோஸ், அபுஜா, ஓகுன் ஆகிய பகுதிகளில் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. கச்சா எண்ணெய் விலையும் சரிந்தது. எண்ணெய் ஏற்றுமதியை நம்பியிருக்கும் நாட்டுக்கு அது இரட்டை அடி. தொற்று எத்தனை பேருக்கு என்ற கணக்கு தினமும் வந்தது. எத்தனை வீடுகளில் அடுப்பு எரியவில்லை என்ற கணக்கு யாரிடமும் இல்லை.

கைகொடுத்த பழைய நோட்டு

வீடு வீடாகச் சென்று கணக்கெடுக்க வழியில்லை. அப்போது கைகொடுத்தது 2018-19-ல் எடுத்த ஒரு சர்வே. நாடு முழுக்க சுமார் 5,000 குடும்பங்களை நேரில் சந்தித்தபோது, அவர்களின் போன் நம்பர்களையும் குறித்து வைத்திருந்தார்கள். அவர்களில் 3,000 குடும்பங்களைத் தேர்ந்தெடுத்து, நைஜீரியாவின் தேசியப் புள்ளியியல் அலுவலகமும் உலக வங்கியும் அழைக்கத் தொடங்கின. 1,950 குடும்பங்கள் முழுமையாக பதிலளித்தன. அதே குடும்பங்களை அடுத்த ஓராண்டு வரை மாதாமாதம் அழைத்தார்கள்.

போன் இல்லாதவர்கள், சார்ஜ் போட வழியில்லாதவர்கள், சிக்னல் கிடைக்காதவர்கள் எல்லாம் இந்தக் கணக்கில் விடுபட்டுவிட மாட்டார்களா? விடுபடுவார்கள்தான். அவர்களில் ஏழைகளே அதிகம் என்பதால், நிலைமை உள்ளதைவிட நன்றாகத் தெரியும் ஆபத்து இருக்கிறது. இங்கேயும் பழைய சர்வேதான் உதவியது. எந்த மாதிரிக் குடும்பங்கள் போனில் கிடைக்கவில்லை என்பது அதிலிருந்து தெரியும். அவர்களைப் போன்ற வீடுகளிலிருந்து வந்த பதில்களுக்குக் கூடுதல் எடை கொடுத்துக் கணக்கைச் சரிசெய்தார்கள். அதனால் குறை சுருங்கியது, முழுவதும் மறைந்துவிடவில்லை.

வேலை வந்தது... சோறு?

முதல் சுற்று முடிவுகளே அதிரவைத்தன. கொரோனாவுக்கு முன் வேலையில் இருந்தவர்களில் 42 சதவிகிதம் பேர் கையில் வேலை இல்லை. 79 சதவிகிதக் குடும்பங்களுக்கு வருமானம் குறைந்திருந்தது. பாதிப்பைச் சந்தித்த குடும்பங்களில் சுமார் பாதி, சாப்பாட்டின் அளவைக் குறைத்துத்தான் சமாளித்தன.

சில மாதங்களில் ஊரடங்கு தளர்ந்தது. பெரும்பாலானோர் வேலைக்குத் திரும்பினார்கள். வேலைக் கணக்கை மட்டும் பார்த்திருந்தால், ‘நெருக்கடி முடிந்தது’ என்று கோப்பை மூடியிருப்பார்கள். ஆனால், சாப்பாடு பற்றிய கேள்விக்கு வந்த பதில்கள் வேறு கதை சொல்லின. உணவுக்கு அல்லாடும் குடும்பங்கள் 2018-ல் இருந்ததைவிட அதிகமாகவே இருந்தன. கிடைத்த வேலையில் பழைய வருமானம் வரவில்லை; பலர் விவசாயத்துக்கும் சிறு வியாபாரத்துக்கும் நகர்ந்திருந்தார்கள். விலைவாசியோ ஏறிக்கொண்டே போனது. 2021 மார்ச்சில் நைஜீரியாவின் உணவுப் பணவீக்கம் 22.95 சதவிகிதத்தைத் தொட்டது.

வேலை, வருமானம், சாப்பாடு என மூன்றையும் ஒரே குடும்பத்திடம், மாதம் தவறாமல் கேட்டதால்தான் இந்த வித்தியாசம் பிடிபட்டது. எத்தியோப்பியா, உகாண்டா, மலாவி போன்ற நாடுகளிலும் இதே பாணியில் போன் சர்வே நடந்தது.

அடுத்த பேரிடர் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஆனால், அன்று யாரை அழைத்துக் கேட்பது என்ற பட்டியல் அமைதியான நாள்களிலேயே தயாராக இருக்க வேண்டும். போன் இல்லாத வீட்டின் கதவைத் தட்டவும் ஆள் வேண்டும்!