நெல் ஏன் படுத்துவிடுகிறது?

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 51 செ.மீ. மழை கொட்டியது. அத்தனை மழையை எந்தப் பயிராலும் தாங்க முடியாது. ஆனால் புயலே இல்லாத ஆண்டிலும், அறுப்புக்குச் சில நாள் முன்பு காற்றோடு பெய்யும் சாதாரண மழைக்கே ஒரு வயல் பாய் விரித்ததுபோல் படுத்துவிடும். வரப்புக்கு அந்தப் பக்கத்து வயல் நிமிர்ந்து நிற்கும். இரண்டு வயலிலும் அடித்தது ஒரே காற்றுதான். வித்தியாசம் தண்டில் இருக்கிறது.

நெல் தண்டு உள்ளீடற்ற குழாய். கதிர் முற்ற முற்ற உச்சி கனக்கிறது. மழை ஈரம் அதை இன்னும் கனமாக்குகிறது. சற்றுச் சாய்ந்ததும் அந்த எடையே மேலும் இழுக்கிறது. இந்த விசையெல்லாம் கடைசியில் தரையை ஒட்டிய இரண்டு மூன்று கணுவிடைகளில்தான் வந்து சேரும். குழாயின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. விட்டமும் சுவரின் தடிமனும் 20 சதவீதம் கூடினாலே விறைப்பு இரு மடங்காகிவிடும். தண்டைத் தழுவி நிற்கும் இலையுறைக்கும் இதில் பெரிய பங்குண்டு. இலையுறை கருகல் நோய் வந்த பயிர் எளிதில் சாய்வது அதனால்தான்.

உயரத்தைக் குறைப்பது ஒரு வழி. 1966-இல் பிலிப்பைன்ஸில் வெளியான ஐ.ஆர்.8 ரகம், தைவான் குட்டை நெல் ஒன்றிலிருந்து அந்தக் குணத்தைப் பெற்றது. தண்டை நீளவைக்கும் ஜிப்ரலின் என்ற ஹார்மோன் அதில் குறைவாகச் சுரக்கிறது. நம் ஊர் மாப்பிள்ளைச் சம்பா ஆளுயரம் வளரும்; உரம் கூடினால் நிற்காது. மலேசியாவின் மசூரி ரகத்திலிருந்து தேர்ந்தெடுத்து 1986-இல் வெளியிட்ட மேம்படுத்தப்பட்ட வெள்ளைப் பொன்னிக்கும் அதே பலவீனம் உண்டு. ஆனாலும் அதன் அரிசிக்கு இருக்கும் மவுசு குறையவில்லை.

ரகத்தை விடவும் யூரியாவைத்தான் நான் குறை சொல்வேன். அது தரும் தழைச்சத்து மிஞ்சினால் அடிக் கணுவிடை நீண்டு, சுவர் மெலிகிறது. மேலே இலை அடர்ந்து, தூருக்கு வெயில் இறங்குவதில்லை. கருகருவென்ற பச்சையைப் பார்த்துப் பூரிக்கிறோம். அந்தப் பச்சைக்குக் கீழே தண்டு நோஞ்சானாகிறது. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும், இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும் இலை வண்ண அட்டையில் மற்ற ரகங்களுக்கு 4-ஆம் எண் அளவு என்றால், வெள்ளைப் பொன்னிக்கு 3. இலை நிறம் அதற்குக் கீழே இறங்கினால்தான் மேலுரம். சாம்பல் சத்தைக் குறைக்காமல் இடுவதும், நெருக்கி நடாமல் இருப்பதும், காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுவதும் தண்டையும் வேரையும் உறுதியாக்கும்.

 

இதையும் மீறி இளம்பயிர் சாய்ந்தால் கணுவின் கீழ்ப்பக்கச் செல்கள் நீண்டு, அதுவாகவே ஓரளவு நிமிரும். முற்றிய பயிருக்கு அந்தத் திறன் போய்விடும். அப்போது முதல் வேலை வயலில் தேங்கிய தண்ணீரை வடிப்பது. அடுத்து, நாலைந்து குத்துகளைச் சேர்த்துக் கட்டி நிறுத்துவது. ஈரத்தில் கிடந்தால் கதிரிலேயே முளை விட்டுவிடும்.